வயலில் இருந்த சிவப்பு

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு வயல் தொங்குகிறது. இரண்டு முழ அகலம், ஒன்றரை முழ உயரம். என் வீட்டுக்காரர் வரைந்த படம். அந்த வயலுக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். இப்போது அங்கே நான் இல்லை. என்னை அங்கிருந்து எடுத்தது வேறு யாருமில்லை, என் வலது கைப் பெருவிரல் நகம்தான்.

இதை மகளிடம்கூட ரொம்ப நாள் சொல்லவில்லை. நான் செய்த காரியத்தில் குறை என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. அப்படியே எழுபத்தைந்து வயது ஆகிவிட்டது. எழுத்து எனக்கு மூன்றாம் கிளாஸோடு நின்றுபோனதுதான். ஆனாலும் கூட்டிக் கூட்டி எழுதிவிடுவேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் போதும். அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு ஆரியசாலையில், மிளகாய் வத்தல் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் போகிற சந்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நாலு தும்மல் போடுவார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி இந்தச் சந்துக்கு வந்தவள் நான். அவருக்கு அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை. பேச்சுக் குறைவு. பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் மறுநாள் வரும். ஆபீசிலிருந்து வந்தால் காப்பி, பேப்பர், பிறகு சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது. நல்ல மனுஷர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு டிராயிங் மாஷ் இருந்தார். இந்த மலையாள ஊரில் வாத்தியாரை மாஷ் என்றுதான் சொல்வோம். மலையாளத்துக்காரர், என் வீட்டுக்காரரை விட ஒன்றிரண்டு வயதுதான் இளையவர். டீக்கடையில் பழக்கமாகி, பிறகு இவர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் பஸ்ஸில் வெள்ளாயணிக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே காயலை ஒட்டி வயல்கள். மரத்தில் ஒரு ஸ்டாண்டு, அதில் துணி அடித்த சட்டம், பேஸ்ட் டியூப் மாதிரி டியூபில் சாயம், கலக்க ஒரு சின்னக் கரண்டி. வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்து வரையக்கூடாதாம். வயலில் போய் நின்று, வெளிச்சம் மாறுவதற்குள் கண்ணில் பட்டதைப் பட்டபடி அப்ப வேண்டுமாம். வெள்ளைக்காரன் நாட்டில் ஒரு காலத்தில் இப்படி ஒரு கூட்டம் வரைந்ததாம். மாஷ் அதற்கு ஒரு பேர் சொன்னார். இம்ப்ரஷன் என்று தொடங்கும், மீதி என் வாயில் நிற்கவில்லை.

முதலில் கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன்.

"இது என்னது, இந்த ஊதா?"

"நெல்லு."

"நெல்லு எந்தக் காலத்தில ஊதா ஆச்சு?"

"காலம்பற ஏழரைக்கு ஊதாவாத்தான் இருக்கும். எட்டுக்கெல்லாம் போயிரும்."

"எங்க அப்பா ஆறு மரக்கால் வெதப்பாடு பயிர் வச்சவரு. நானும் நடவு பாத்திருக்கேன், களை பறிச்சிருக்கேன். ஒரு நாளும் ஊதா நெல்லு பாக்கல."

"நீ கிட்டப் போயிப் பாக்கே. தள்ளி நின்னு பாரு."

"தள்ளி நின்னு பாக்கதுக்கு இது என்ன வீடா, மைதானமா?" என்று கேட்டேன். முன்னறை பத்தடி. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு சாய்வு நாற்காலி. எங்கே தள்ளி நிற்பது? அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மண்ணெண்ணெய் போட்டுத்தான் சாயத்தைக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு மண்ணெண்ணெய் வாசனை உண்டு.

சரி, வயல் வரைந்தார், தென்னை வரைந்தார், காயலில் வள்ளம் வரைந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் கேட்டேன். கேட்பதற்கு முன்னால் முகம் கழுவி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்துதான் கேட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, அப்போது எனக்கு நாற்பது கூட ஆகவில்லை.

"எல்லாத்தையும் வரையிதியளே, என்னை ஒரு படம் வரையக்கூடாதா?"

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆளு எனக்கு வராது பிள்ளே. மூக்கு வச்சா மூக்கு மட்டும்தான் நிக்கும்."

"இருவது வருசமா எதுத்தாப்பில இருக்க மூக்கு. அதுகூடவா வராது?"

"வராது."

அவ்வளவுதான். திரும்பப் பேப்பருக்குப் போய்விட்டார். நானும் திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டேன். இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. பிறந்த வீட்டில்கூட ஒரு பண்டத்தை ஒரு தரம்தான் கேட்பேன். கிடைக்கவில்லையென்றால் அது எனக்கு வேண்டாத பண்டம். தலையில் இருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டேன்.

மறுநாள் விடியற்காலம் அவர் போய்விட்டார். நான் எழுந்து எப்போதும் போல இட்டலி அவித்து, தூக்குப்போணியில் வைத்திருந்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் போகிற அவசரத்தில் தூக்குப்போணியைத் திண்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு வயிற்றுப்புண் உண்டு, காலையில் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. என் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சமைத்து வைத்திருக்கும்போது என் வீட்டுக்காரர் பட்டினியாக வெயிலில் நின்றார் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கையில் கிடைத்த சிவப்புப் புடவையைச் சுற்றிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு நடந்து பஸ் ஏறினேன். குங்குமச் சிவப்பில் நூல் புடவை. அதை வீட்டில்தான் கட்டுவேன். அந்த அவசரத்தில் நான் யோசிக்கவில்லை.

வெள்ளாயணியில் இறங்கி, கேட்டுக் கேட்டு வயலுக்குப் போனேன். நடவு முடிந்து கொஞ்ச நாள் ஆன பயிர். இடையிடையே தண்ணீர் பளபளவென்று கிடந்தது. தூரத்தில் வரப்பு முடிகிற இடத்தில் இவர் ஸ்டாண்டை நாட்டி நிற்கிறார். இன்னும் தள்ளி மாஷ் நிற்கிறார். நான் வரப்பில் ஏறி, சறுக்காமல் பையப் பைய நடந்தேன். பாதி வழி வந்திருப்பேன். இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையை உயர்த்தி,

"அங்கனேயே நில்லு!" என்றார்.

நின்றேன்.

"வராத! அங்கனேயே கொஞ்ச நேரம் நில்லு!"

என்னைப் பார்க்கிறார், துணியைப் பார்க்கிறார், சாயத்தைக் கலக்குகிறார். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அவருடைய வயலை நான் மறைக்கிறேன். அழுக்குச் சிவப்புப் புடவையோடு, தூக்குப்போணியோடு, மாஷ் முன்னால் வந்து நிற்கிறேனே என்று அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதுதான் கிட்டே வராதே என்கிறார். முந்தின நாள் 'வராது' என்றது வேறு ஆறாமல் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். எவ்வளவு என்று தெரியாது. பிறகு குனிந்து தூக்குப்போணியை வரப்பில் வைத்தேன். திரும்பி நடந்தேன்.

"சேச்சீ! சேச்சீ!" என்று மாஷ் கூப்பிட்டார். அவர் என்னை அக்கா என்கிற அர்த்தத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். இவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். தூக்குப்போணியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

"நில்லுன்னு சொன்னா நிக்க மாட்டியா?"

"நிக்கதுக்கு நான் என்ன லைட்டுக் கம்பமா?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அந்த வயலைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

அன்றைக்கு வரைந்ததை மட்டும் சட்டம் அடித்து முன்னறையில் மாட்டினார். எத்தனையோ படம் இருக்க இதை ஏன் மாட்டினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த வயலைக் கண்டாலே பிடிக்காது. ஆனாலும் படம் என்றால் படம்தான். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் எல்லாப் படத்தையும் இறக்கித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். சாமி படம், மாமனார் போட்டோ, கடிகாரம், மகளுடைய புத்தகக் கட்டு, எல்லாவற்றுக்கும் உண்டு. அந்த வருஷம் வயலுக்கும் வைத்தேன். மற்றப் படங்களுக்குக் கண்ணாடி உண்டு, இதற்கு இல்லை. மேல் சட்டத்தில்தான் வைத்தேன். ஆனால் குங்குமம் காய்ந்தால் கொட்டும். துணி முழுக்கச் சாயம் திட்டுத் திட்டாக இருக்கிற படத்தில் எது சாயம், எது கொட்டினது என்று யாருக்குத் தெரியும்?

வயலுக்கு நடுவில் வரப்பின் மேல் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. பெருவிரல் நகம் அளவு. அதை என் குங்குமம் என்றே நினைத்தேன். ஒரு வருஷம் ஈரத்துணியால் துடைக்கப் போனேன்.

"அதைத் தொடாத" என்றார் நாற்காலியிலிருந்து.

"குங்குமம் சிந்திக் கிடக்கு."

"கிடக்கட்டும். தொடாத."

சரி, அவர் பண்டம், அவர் இஷ்டம். வருஷா வருஷம் நான் துணியை எடுப்பேன். வருஷா வருஷம் அவர் "தொடாத" என்பார். ரிட்டயர்டு ஆன பிறகு அந்த நாற்காலியில் படத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். சில சமயம் என்னைக் கூப்பிடுவார். "இங்க வந்து நில்லு. இங்க இருந்து பாரு." அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விடுவேன். பால் இல்லாத நேரத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போனார். படுக்கையில் கிடந்தது பதினோரு நாள். பேச்சு முன்னமே குறைவு, கடைசியில் அதுவும் நின்றது. அதைப் பற்றி எழுதுவதற்கு இல்லை.

அவர் போன முதல் வருஷம் தீட்டு, பூஜை இல்லை. இரண்டாம் வருஷம் எனக்குக் கை வரவில்லை. மூன்றாம் வருஷம் மழை விடவே இல்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, படத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. வீட்டை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாள் என்று எவளாவது சொல்லுவாள். ஸ்டூல் போட்டு நானே இறக்கினேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் பூசணம் பிடித்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்போம் இல்லையா, அப்படித் துடைத்தேன். பூசணம் போனது. கொஞ்சம் சாயமும் துணியில் ஒட்டியது. அழுக்கு என்று நினைத்தேன். அந்தச் சிவப்பு மட்டும் போகவில்லை. இத்தனை வருஷத்துக் குங்குமம், இறுகிக் கிடக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். முதலில் வரவில்லை. ஓரத்தில் நெம்பினேன். புண்ணின் பொருக்கு மாதிரி ஒரே துண்டாக எழும்பி வந்தது. அடியில் வெறும் துணி, பழுப்பாக. பொருக்கை முந்தானையில் வாங்கி முற்றத்தில் தட்டினேன். மழை ஓடிக்கொண்டிருந்தது.

தொடாதே என்று சொல்ல நாற்காலியில் ஆள் இல்லை. அன்றைக்கு நான் நிம்மதியாகப் படத்தை மாட்டினேன். சுத்தமாக இருக்கிறது என்று ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலு மாதம் கழித்து மாஷ் வந்தார். தலையெல்லாம் வெளுத்து, கையில் கம்போடு. வாசலில் மூன்று தும்மல். "இந்த ஆரியசாலை என்னைக் கொல்லும்" என்றார். அவரிடம் படித்த பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஹாலில் பழைய படங்களை வைக்கப்போகிறார்களாம். வெள்ளாயணிப் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டுமாம், மாஷ் வரைந்தது ஒன்று, என் வீட்டுக்காரர் வரைந்தது ஒன்று. ஒரே நாள், ஒரே வயல். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"சேச்சி எவிடெ?"

"இங்கதானே நிக்கேன், மாஷே."

"இங்கே அல்ல. படத்தில."

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலை அந்தப் பழுப்பு இடத்தில் வைத்தார். தொடாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு வைத்தார்.

"இவிடெ சேச்சி நின்னிருந்ததல்லே? செவப்புப் புடவை. கையில சோத்துப் பாத்திரம். ஒற்றைத் தீட்டல், அவ்வளவுதான். ஒரே கையில போட்டான். நான் பக்கத்தில போய்ப் பார்த்து அசந்துபோயி. ஆளு வரையாத மனுஷன்! 'எடா, இது உன் பாரியை அல்லே'ன்னு கேட்டேன். ஆமாம்னான்."

நான் பெருவிரலை முந்தானைக்குள் மறைத்தேன். அவர் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில சொல்லுன்னு சொன்னேன். அவன் கேக்கல. 'சொல்லிட்டா அதில என்ன இருக்கு? அவளே பாக்கட்டும். பாத்துட்டு வந்து கேக்கட்டும்'னான். சேச்சி கேட்டில்லே?"

"இல்ல" என்றேன்.

"ஒரு நாளும்?"

"இல்ல."

மாஷ் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "எப்படிப் போச்சு இது?"

"ஓதம் மாஷே. மழைக்கு உதிர்ந்திருக்கும்" என்றேன்.

பொய் சொல்ல நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. அவர் தலையை ஆட்டி, இந்த ஊர் மழை எதையும் விடாது என்றார். "சாரமில்ல சேச்சி, போனாப் போகட்டும். அதே சிவப்பு என் கையில இருக்கு. ஒற்றைத் தீட்டல். நான் வெச்சுத் தரட்டே?" இப்போது வேண்டாம், இருக்கிறபடியே கொண்டுபோங்கள் என்றேன். மாஷ் போன பிறகு முற்றத்தில் இறங்கினேன். நாலு மாதம் ஆகிவிட்டது, எத்தனையோ மழை. இருந்தாலும் வடிகால் ஓரத்தில் குனிந்து விரலால் துழாவினேன். மகள் வந்து "எந்தா அம்மா, என்ன தேடுறே?" என்றாள். ஊசி விழுந்துவிட்டது என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

ஹாலுக்கு மகள்தான் கூட்டிப்போனாள். தம்பானூர் தாண்டி, ஒரு பழைய கட்டடத்தின் மாடி. நீளமான ஹால், ரயில் பெட்டி மாதிரி. நம்முடைய படம் கடைசிச் சுவரில். பக்கத்தில் மாஷ் வரைந்தது. மகள் யாரோ ஆபீஸ் சிநேகிதியைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றுவிட்டாள். நான் நேரே நம் படத்துக்குக் கிட்டப் போனேன். எப்போதும் பார்க்கிற அதே திட்டுகள்தான். ஊதா, பச்சை, ஒரு மஞ்சள், பழுப்பாக அந்த இடம். இரண்டு பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். நான் மறைக்கிறேன் என்று பின்னால் நகர்ந்தேன். இன்னும் ஆட்கள் வந்தார்கள், இன்னும் நகர்ந்தேன். அப்படியே நகர்ந்து நகர்ந்து ஹாலின் பாதிக்கு வந்துவிட்டேன். அவர்கள் விலகினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

எப்படிச் சொல்வது? வயல் வந்துவிட்டது. திட்டு ஒன்றைக்கூடக் காணோம். தண்ணீர் கிடக்கிறது, அதன் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது, நாற்று அந்த வெயிலில் ஊதாவாகத்தான் இருக்கிறது. காயல் பக்கமிருந்து வருகிற காற்றுகூட இருந்தது. என் குதிகாலில் சேறு பட்ட குளிர்ச்சி எனக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்தச் சுவரில் இருந்த படத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு வரப்புகளைப் பார்த்தேன். வலது பக்கத்து வரப்பு, இடது பக்கத்து வரப்பு, காயல் ஓரத்திலிருந்து வளைந்து வருகிற சின்ன வரப்பு, எல்லாம் ஒரு இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. வெயிலும் அங்கேதான் விழுகிறது. அத்தனை வயலையும் அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவர் கூட்டி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் யாரும் இல்லை.

பக்கத்தில் மாஷ் படம். அதுவும் அதே வயல்தான், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தது. அதில் தூரத்து வரப்பில் சிவப்பாக ஒரு கோடு. தலை குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி போகிறாள். அது யார் என்று எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நடை என் நடை. கோபம் முதுகில் தெரிந்தது.

மாஷ் கம்பை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"நான் தாமதிச்சுப் போயி, சேச்சி. பிரஷ் எடுத்தப்போ சேச்சி திரும்பிக்கழிஞ்சு" என்று சிரித்தார். "எந்தொரு கோபம்! அந்த வயல்ல இருந்த கொக்கெல்லாம் பேடிச்சுப் பறந்துபோச்சு."

எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"மாஷே, அது ஓதத்தில உதிரல. நான்தான் சுரண்டினேன். குங்குமம்னு நினைச்சு, இந்த நகத்தால."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். ஐயோ என்று சொல்லுவார், ஏன் என்று கேட்பார் என்று நிமிர்ந்து நின்றேன். எது கேட்டாலும் வாங்கிக்கொள்ளத்தான் சொன்னேன். 

"அவன் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நான் கேட்டிருக்கணும்."

"ரெண்டாளும் ஒரே மாதிரி." ஜேபியைத் தடவினார். உண்மையிலேயே அந்தச் சிவப்பு டியூபைக் கொண்டுவந்திருந்தார். சின்னதாக ஒரு பிரஷும் இருந்தது. "இப்போ ஆளில்ல. ஒரு நிமிஷம் சேச்சி. என் படத்தில உள்ள அதே செவப்பு. ஒருத்தருக்கும் தெரியாது. அவன் இருந்தா அவனே வைப்பான்."

எனக்கு ஆசை வராமல் இல்லை. அந்த இடம் என்னைக் கூப்பிட்டது. ஒரு தீட்டல்தான், வைத்துவிட்டால் வரப்பெல்லாம் வந்து சேருகிற இடத்தில் மறுபடியும் ஒருத்தி நிற்பாள். ஆனால் பக்கத்துப் படத்தைப் பார்த்தேன்.

"வேண்டாம் மாஷே" என்றேன். "உங்க கையைக் குறை சொல்லல. நீங்க பாத்தது போறவளை. வாறவளைப் பாத்தது அவரு ஒருத்தர்தான்."

மாஷ் மூடியைத் திறக்காமலே டியூபை ஜேபியில் போட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேச்சியோட பிடிவாதம்" என்று மட்டும் சொன்னார். அது திட்டினது இல்லை.

மகள் வந்து, மாஷிடம் என்ன பேசினாய், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆட்டோவில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ வேணும்னு செய்யலையே" என்றாள். அது எனக்குத் தெரியும் மக்கா என்றேன். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு நாள் கோபத்தோடு போயிருக்கும்.

படம் திரும்பி வந்தது, பழைய ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன். சாய்வு நாற்காலியை மட்டும் முன்னறையிலிருந்து எடுத்து, முற்றம் தாண்டி அடுக்களை வாசலில் போட்டிருக்கிறேன். போக வர வழியில் இடிக்கிறது என்று மகள் சத்தம் போடுகிறாள். இரண்டு கதவையும் திறந்து வைத்தால் அங்கிருந்து முப்பதடி இருக்கும். காலையில் காப்பியோடு அதில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஏழரை மணிக்கு முற்றத்து வெயில் முன்னறைக்குள் கொஞ்சம் போகும். அப்போது வயல் நன்றாகத் தெரியும். நடுவில் அந்த இடமும் தெரியும்.